கண்ணாடித் தவளையின் இதயம் நிஜமாகவே வெளியே தெரியுமா?

கேள்வி இது: "வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. சின்னப் பச்சைத் தவளை ஒன்று கண்ணாடித் தட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியிலிருந்து பார்த்தால் இதயம் துடிப்பது தெரிகிறது. உண்மையா, கிராஃபிக்ஸா? உண்மை என்றால் அது எங்கே இருக்கிறது, எப்படி வாழ்கிறது? அழிந்துவருகிறதா? சென்னையில் வாங்கி வளர்க்க முடியுமா?"

உண்மைதான். நான் கல்லூரியில் விலங்கியல் படித்த காலத்தில் தவளையின் இதயத்தைப் பார்க்க வேண்டுமானால் குளோரோஃபார்ம் கொடுத்து, மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நாலு காலிலும் குண்டூசி குத்தி, கத்தரிக்கோலால் வயிற்றைத் திறக்க வேண்டும். அந்த நெடி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கையை விட்டுப் போகாது. கண்ணாடித் தவளையில் அந்தப் பாவம் எதுவும் வேண்டாம். புரட்டிப் பார்த்தால் போதும், உள்ளே இருப்பது தெரியும்.

ஆனால் "கண்ணாடித் தவளை" என்பது ஒரே ஓர் இனத்தின் பெயர் இல்லை. சென்ட்ரோலெனிடே என்ற குடும்பத்துக்கே அந்தப் பெயர். அதில் ஏறக்குறைய 160 இனங்கள், எல்லாமே மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைக்கும் உள்ள ஈரக்காடுகளில். ஆசியாவில் ஒன்றுகூடக் கிடையாது. மேற்குத்தொடர்ச்சி மலையில் எடுத்த குட்டிப் புதர்த்தவளைப் படத்தைப் போட்டு "நம்மூர் கண்ணாடித் தவளை" என்று எழுதுகிறார்கள். அது வேறு குடும்பம்.

எல்லாக் கண்ணாடித் தவளையிலும் இதயம் தெரியும் என்பதும் சரியில்லை. சில இனங்களில் இதயத்தைச் சுற்றிய உறை வெண்மையானது, திரை போட்டதுபோல் மறைத்துவிடும். சிலவற்றில் அந்த உறையும் தெளிவானது, அவற்றில்தான் துடிப்பு அப்படியே தெரிகிறது. 2015இல் கோஸ்டா ரிக்காவின் கரீபியன் பக்கத்து மலைச்சரிவிலிருந்து விவரிக்கப்பட்ட 'டயானே' அப்படிப்பட்டது. கண்டுபிடித்த மூவரில் ஒருவரான பிரையன் குபிக்கி தன் அம்மாவின் பெயரை அதற்கு வைத்தார். 2017இல் ஈக்வடாரின் அமேசான் தாழ்நிலத்திலிருந்து வந்த 'யாக்கு'வும் அதே ரகம். கீச்சுவா மொழியில் யாக்கு என்றால் தண்ணீர். ஆனால் இரண்டிலும் குடலும் கல்லீரலும் பளபளப்பான வெள்ளைச் சவ்வுக்குள் பொதிந்திருக்கும், வெள்ளி ஜரிகைத் தாளில் சுற்றிய மிட்டாய் மாதிரி. அந்தச் சவ்வைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

பொதுவாகப் பேசினால் வழவழவென்று போய்விடும். ஆகவே நன்றாக ஆராயப்பட்ட ஓர் இனத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஃப்ளெய்ஷ்மான் கண்ணாடித் தவளை. அறிவியல் பெயர் ஹையலினோபேட்ராக்கியம் ஃப்ளெய்ஷ்மானி. கோஸ்டா ரிக்காவின் சான் ஹோசேயிலிருந்து கிடைத்த தவளையை வைத்து 1893இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஆஸ்கர் போட்கர் இதை விவரித்தார். உடல் நீளம் 2 முதல் 3 சென்டிமீட்டர்; ஐந்து ரூபாய்க் காசின்மேல் உட்காரவைத்தால் ஏறக்குறைய அடங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் வெளிர்பச்சை முதுகு, அதில் மஞ்சள் புள்ளிகள், மஞ்சள் விரல்நுனி, முன்னோக்கிப் பார்க்கும் பொன்னிறக் கண். சாதாரண மரத்தவளை என்றே நினைப்பீர்கள். முதுகில் நிறம் இருக்கிறது, வயிற்றுத் தோலில்தான் இல்லை.

இப்போது ஒளிவித்தைக்கு வருவோம். மீனோ ஜெல்லிமீனோ தண்ணீருக்குள் கண்ணாடிபோல் இருப்பது பெரிய ஆச்சரியமில்லை. தரையில் வாழும், முதுகெலும்புள்ள பிராணிக்கு அது ஏன் கடினம் என்றால், ரத்தம். தோலையும் தசையையும் எவ்வளவு தெளிவாக்கினாலும் உள்ளே சிவப்பணுக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றிலுள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை விழுங்கிவிடும். இலைக்கு அடியில் ஒட்டித் தூங்கும் தவளைக்கு இதுதான் வம்பு. மேலே வெயில், இலை வழியாகப் பச்சையாக வடிந்து கீழே வருகிறது. கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கும் பறவைக்கு அந்தப் பச்சை வெளிச்சத்தின் நடுவே ரத்தம் நிறைந்த தவளை கறுத்த நிழலாகத் தெரியும்.

2022 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் கார்லோஸ் டபோடா, ஜெஸ்ஸி டெலியா ஆகியோர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொன்னது. ஆராய்ந்தது இந்த ஃப்ளெய்ஷ்மான் தவளையையேதான். பகலில் தூங்கப்போகும்போது இது தன் சிவப்பணுக்களில் சுமார் 89 சதவீதத்தை ரத்த ஓட்டத்திலிருந்து விலக்கிக் கல்லீரலுக்குள் அடைத்துவிடுகிறது. நாளங்களில் மிச்சமிருப்பது பெரும்பாலும் நிறமற்ற நீர்தான். உடல் இரண்டு, மூன்று மடங்கு கூடுதலாக ஒளி ஊடுருவக்கூடியதாகிவிடுகிறது. கல்லீரலில் குவிந்த ரத்தம் மட்டும் தெரியாதா என்றால், அதற்குத்தான் அந்த வெள்ளிச் சவ்வு. உள்ளே இருக்கும் சிவப்பை அது வெளியே காட்டாது. மாலையில் விழித்துக்கொண்டதும் அணுக்கள் திரும்ப ஓடத் தொடங்கும், தவளை மறுபடி செம்மை கலந்த பச்சையாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்க இவ்வளவு காலம் ஆனதற்கும் காரணம் இருக்கிறது. தவளை ஆய்வாளர் எல்லோருமே ராக்கோழிகள். தவளை விழித்துக் கத்தும் நேரத்தில்தான் ஓடைப்பக்கம் போவார்கள், அப்போது ரத்தம் நாளங்களில் இருக்கும். ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து மயக்கமருந்து கொடுத்தாலும் வித்தை கலைந்துபோகும், ரத்தம் வெளியே வந்துவிடும். கடைசியில் தூங்கும் தவளையை எழுப்பாமலேயே, லேசர் ஒளியைப் பாய்ச்சி, அதை உறிஞ்சும் சிவப்பணுக்களிலிருந்து எழும் ஒலியைப் பிடித்துப் படமாக்கும் முறையால் பார்த்தார்கள்.

மருத்துவர்கள் இதில் ஏன் ஆர்வம் காட்டுகிறார்கள் என்பதும் ஒரு வரியில். நம் உடலில் சிவப்பணுக்கள் இப்படி ஓரிடத்தில் நெருக்கிக் குவிந்தால் கட்டி தட்டி ஆள் போய்விடுவான். இந்தத் தவளை தினமும் குவித்து, தினமும் பிரிக்கிறது. ரத்தக்கட்டி வருவதில்லை. ஆனால் காயம் பட்டால் ரத்தம் ஒழுங்காக உறைகிறது.

இன்னொரு நுணுக்கம். 2020இல் வேறொரு குழு ஈக்வடார் காட்டில் ஜெலட்டினில் செய்த போலித் தவளைகளை இலைகளில் வைத்துப் பார்த்தது. ஒளி ஊடுருவாதவற்றைப் பறவைகள் அதிகம் கொத்தின, ஊடுருவக்கூடியவை பெரும்பாலும் தப்பின. உயிருள்ள தவளைகளை அளந்தபோது உடம்பைவிடக் கால்கள்தான் கூடுதல் தெளிவு என்று தெரிந்தது. கால்களை மடித்து உடம்பை ஒட்டி வைத்துக்கொண்டால் இலையிலிருந்து தவளைக்கு நிறம் படிப்படியாக மாறும். விளிம்புக்கோடு கலங்கிவிடும். கண் ஒரு பிராணியைக் கண்டுபிடிப்பது விளிம்பை வைத்துத்தானே. முழுக்கக் காணாமல் போக வேண்டியதில்லை, ஓரம் தெரியாமல் இருந்தாலே பாதி உயிர் தப்பிவிடும். அகச்சிவப்பு ஒளியிலும் ஃப்ளெய்ஷ்மான் தவளை இலையைப் போலவே பளிச்சென்று தெரிகிறது என்று 1977லேயே எழுதியிருக்கிறார்கள்.

எல்லோரும் ஒளிவித்தையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த இலை. இந்தத் தவளையின் பிழைப்பு முழுக்க, ஓடும் தண்ணீருக்கு மேலே தொங்கும் ஓர் இலையை நம்பியிருக்கிறது. எப்படி என்று ஓர் இரவை வைத்துச் சொல்கிறேன்.

மழைக்காலம், இருட்டி ஒரு மணி நேரம். ஓடையின் மேலே சாய்ந்த செடி. ஓர் இலையின் அடியில் ஆண் தலைகீழாக ஒட்டிக்கொண்டு சின்ன விசில்போல், சட்டென்று மேலேறும் ஒற்றை ஒலியில் கூப்பிடுகிறது. அடுத்த இலையில் இன்னோர் ஆண் வந்து கூப்பிட்டால் சண்டைதான். இரண்டும் கட்டிப்புரண்டு, பின்கால்களால் இலையைப் பற்றியபடி தொங்கிக்கொண்டே மல்லுக்கட்டும். ஓர் அங்குல உடம்பில் இவ்வளவு ரோஷம். பெண் வந்து பிடித்துப்போனால் இலையின் அடிப்பக்கத்திலேயே 20, 30 முட்டைகளை ஒற்றை அடுக்காக, ஜெல்லிப் பூச்சோடு இட்டுவிட்டுப் போய்விடும். பக்கத்திலிருந்து பார்த்தால் இலைக்கு அடியில் ஊறிய சப்ஜா விதையை அப்பி வைத்ததுபோல் இருக்கும்.

அதன்பின் பாடு அப்பனுடையது. இரவானால் வந்து முட்டைகளின்மேல் வயிற்றை வைத்து அமர்ந்துகொள்ளும். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சும். உறிஞ்சியதைச் சிறுநீர்ப்பையில் சேர்த்துவைத்து முட்டைகளுக்குப் பாய்ச்சும். ஜெல்லி காய்ந்தால் உள்ளே இருக்கும் கரு செத்துவிடும், ஆகவே மழை தவறும் நாட்களில் இந்த வேலை கூடும். தென் மெக்சிகோவில் டெலியாவும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். தந்தையை அகற்றிவிட்டால் கருக்கள் சும்மா இருக்கவில்லை. வளர்ச்சி நிறைவடையும் முன்பே பொரிந்து தண்ணீரில் குதித்துவிட்டன. தந்தை உள்ள முட்டைகள் இன்னும் பல நாள் பொறுத்து, திடமான தலைப்பிரட்டைகளாக இறங்கின. முட்டைக்குள் இருந்தபடியே "அப்பா வரவில்லை" என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்கும் பிள்ளைகள்.

தவளையில் தந்தை காவலிருப்பது நமக்கும் புதிதில்லை. களக்காடு முண்டந்துறைக் காட்டில் மூங்கில் கணுக்களுக்கு நடுவிலுள்ள குழலுக்குள், சின்னத் துளை வழியாகப் புகுந்து முட்டையிடும் புதர்த்தவளை இருக்கிறது. அங்கேயும் ஆண்தான் காவல்.

கண்ணாடித் தவளையின் முட்டைக்குக் காவல் எதற்கு என்றால், எதிரிகள் அவ்வளவு. குளவி, எறும்பு, வெட்டுக்கிளி வகைகள், பூனைக்கண் பாம்பு, எல்லாவற்றுக்கும் அந்த முட்டைக்கொத்து தயாராக வைத்த பலகாரம். எனக்குத் தெரிந்து மோசமானது ஒரு குட்டி ஈ. பழ ஈயின் உறவுக்காரி. ஜெல்லிமேல் முட்டையிட்டுவிடும், அதன் புழுக்கள் உள்ளே புகுந்து கருக்களை ஒவ்வொன்றாகத் தின்னும். ஃப்ளெய்ஷ்மான் தவளையின் உறவினமான வலேரியோ கண்ணாடித் தவளையில் ஆண் பகலிலும் முட்டையை விட்டு நகர்வதில்லை. அதன் முதுகிலுள்ள மஞ்சள் வட்டங்கள் முட்டைக்கொத்தைப் போலவே இருக்கும். கோஸ்டா ரிக்காவின் ஓசா தீபகற்பத்தில் ஆராய்ந்தவர்கள், இரவில் மட்டும் காவலிருக்கும் இனத்தைவிட இரவு பகலாகக் காவலிருக்கும் வலேரியோவின் முட்டைகள்தான் அதிகம் பிழைக்கின்றன என்று 1978லேயே காட்டினார்கள். தாய் இட்டுவிட்டு உடனே போய்விடுகிறாள் என்று நெடுங்காலம் நம்பியதும் முழு உண்மையில்லை. 2017இல் வெளியான ஒரு கள ஆய்வில், இந்தக் குடும்பத்தின் பல இனங்களில் தாய் முதல் இரவு முட்டைமேல் அமர்ந்து நீர்ப்பாய்ச்சிவிட்டுத்தான் கிளம்புகிறாள் என்று தெரிந்தது. விடியும்வரை கண்விழித்து யாரும் பார்க்காததால் பழி அவள்மேல் விழுந்திருந்தது.

மழை பெய்யும் இரவில் முட்டைகள் உடைந்து தலைப்பிரட்டைகள் நேராக ஓடையில் விழும். ஆகவேதான் இலை தண்ணீருக்கு நேர் மேலே இருக்க வேண்டும். ஒரு முழம் தள்ளிப் போனாலும் பிள்ளைகள் கரையில் விழுந்து காயும். விழுந்தவை நீந்தித் திரிவதில்லை. ஓடையடியில் படிந்த சருகுக்கும் சேற்றுக்கும் உள்ளே நுழைந்துவிடும். புழுப்போல் நீண்ட உடல், கண் சின்னது, பிராணவாயு குறைந்த அந்தச் சகதியில் மாதக்கணக்கில் கிடக்கும். அங்கே அவற்றின் நிறம் நல்ல சிவப்பு! தோலுக்கடியில் ரத்த நாளங்கள் நெருங்கி ஓடுவதால். ரத்தத்தை ஒளிக்கவே இவ்வளவு பாடுபடும் தவளையின் பிள்ளைப்பருவம், ரத்தம் வெளியே தெரிவதால் சிவந்து கிடக்கிறது. யாரும் பார்க்காத சேற்றுக்குள் ஒளிக்க என்ன இருக்கிறது?

சரி, அழிந்துவருகிறதா? ஃப்ளெய்ஷ்மான் தவளைக்குச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் கொடுத்திருக்கும் தரம் "கவலை குறைவு". பரப்பு பெரியது, கடற்கரைச் சமவெளியிலிருந்து 1,500 மீட்டர் வரைக்கும் இருக்கிறது, ஓடைக்கரையில் செடிகொடி மிச்சமிருந்தால் தோட்டம், ஊர் ஓரங்களிலும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் அந்தத் தரத்தை அப்படியே நம்பிவிட நான் தயாரில்லை. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரைக்கும் ஒரே இனம் என்று வைத்துத்தான் பரப்பைக் கணக்கிட்டிருந்தார்கள். 2020இல் மரபணு, உருவம், குரல் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வு அதற்குள் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் கலந்திருப்பதாகச் சொல்லி, 1942இல் வைத்து வழக்கொழிந்த 'விரிடிஸ்ஸிமம்' என்ற பெயரை மெக்சிகோ பக்கத்துத் தவளைகளுக்குத் திரும்பக் கொடுத்தது. மேலே சொன்ன அப்பன்–பிள்ளைச் சோதனை நடந்ததும் அந்த நாட்டில்தான். ஒரு பெரிய வீட்டைப் பாகம் பிரித்தால் ஒவ்வொருவர் பங்கும் சின்னதாகிவிடும் அல்லவா, அதுபோல.

ஈக்வடாரில் நடந்தது இன்னும் கூர்மையான உதாரணம். 2022இல் மஷ்பி, நவுன்ஸ் என்று இரண்டு புதிய கண்ணாடித் தவளைகளை விவரித்தார்கள். பக்கத்தில் வைத்தால் பிரித்தறிவது கடினம், மரபணுவில் தெளிவாக வேறு. குவாய்யபம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கின் இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் மற்றொன்று. அந்த மலைகளில் தாமிரத்துக்கும் தங்கத்துக்கும் சுரங்க உரிமைகள் பரவியிருக்கின்றன. ஒரு மலைச்சரிவைத் தோண்டினால் ஓர் இனமே போகலாம். ஈக்வடாரின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021இல் அதே வட்டாரத்து லோஸ் செட்ரோஸ் காட்டில் சுரங்கத்தை நிறுத்தி, காட்டுக்கே உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

பூஞ்சை நோயையும் சொல்லியாக வேண்டும். கைட்ரிட் என்ற நீர்ப்பூஞ்சை தவளைத் தோலைத் தாக்கி, உப்புச் சமநிலையைக் கெடுத்து இதயத்தை நிறுத்திவிடும். பனாமாவின் எல் கோப்பே மலையில் 2004இல் அது வந்து சில மாதங்களில் தவளைக் குரல் அடங்கிப்போனது. கோஸ்டா ரிக்காவின் மான்டேவெர்டேயில் பொன்தேரை 1989க்குப் பிறகு கண்ணில் படவே இல்லை. குளிர்ந்த மலை ஓடைகளில்தான் பூஞ்சை கொடூரம், தாழ்நில வெப்பம் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஃப்ளெய்ஷ்மான் தவளை தாழ்நிலத்திலும் இருப்பது அதற்குச் சேமநிதி மாதிரி.

பாதுகாப்பில் எனக்குப் பிடித்தது ஆடம்பரமான திட்டம் எதுவும் இல்லை, ஒரு சட்டப்பிரிவு. கோஸ்டா ரிக்காவின் 1996ஆம் ஆண்டு வனச்சட்டத்தின் 33ஆவது பிரிவு: ஆறு, ஓடையின் இரு கரையிலும் சமதரையாக இருந்தால் கிராமப்புறத்தில் 15 மீட்டர், நகரத்தில் 10 மீட்டர், சரிவான இடத்தில் 50 மீட்டர் அகலத்துக்கு மரம் வெட்டக்கூடாது. தவளையை மனதில் வைத்து எழுதியதல்ல, தண்ணீருக்காக எழுதியது. ஆனால் மேலே சொன்ன இலை அந்த 15 மீட்டருக்குள்தான் தொங்குகிறது. கரை முழுக்க மேய்ச்சலாக்கிவிட்டால் நடுக்காட்டில் எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் இந்தத் தவளைக்குப் பயனில்லை. கரையில் இரண்டு பக்கமும் மரம் விட்டால் காப்பித் தோட்டத்துக்கு நடுவிலும் அது கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சட்டம் எல்லா இடத்திலும் மதிக்கப்படுகிறதா என்று கேட்டால், நம்மூர் ஏரிப் புறம்போக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவுக்குள் 2016இல் இறக்குமதியான கண்ணாடித் தவளைகள் 13. 2021இல் 5,744. உங்களுக்கு வந்ததுபோன்ற வீடியோக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் ஒப்பந்தம் சைட்டீஸ். 2019இல் ஜெனீவாவில் நடந்த அதன் மாநாட்டில் நான்கு பேரினங்களை மட்டும் வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கக் கேட்டார்கள், தோற்றது. 2022 நவம்பரில் பனாமாவில் குடும்பம் முழுவதையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்துவிட்டார்கள். குடும்பம் முழுவதும் ஏன்? பெட்டிக்குள் இருக்கும் பச்சைத் தவளை பொதுவானதா, ஒரே மலையில் மட்டும் வாழ்வதா என்று விமானநிலையச் சுங்க அதிகாரியால் சொல்ல முடியாது, நிபுணருக்கே குரலும் மரபணுவும் தேவைப்படுகிறது. இரண்டாம் இணைப்பு முழுத் தடை இல்லை. ஏற்றுமதி செய்யும் நாடு, இதனால் காட்டிலுள்ளவற்றுக்குக் கேடில்லை என்று பார்த்து அனுமதிச்சீட்டு கொடுக்க வேண்டும்.

இந்தியாவிலும் வனவிலங்குச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சைட்டீஸ் பட்டியலிலுள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ஆகவே "பேப்பர் எல்லாம் இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் ஏற்றுமதி அனுமதியின் நகலைக் கேளுங்கள், பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பேப்பர் சரியாகவே இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எப்போதும் ஈரமும் குளிர்ச்சியுமாக இருக்க வேண்டும், உயிருள்ள குட்டிப் பூச்சி தினமும் வேண்டும், சென்னை மே மாதத்தில் மின்சாரம் இரண்டு மணி நேரம் போனால் கதை முடிந்தது. இத்தனைக்கும் பகல் முழுக்கத் தூங்கும், காணாமல் போவதே அதன் தொழில். காசு கொடுத்து வாங்கியவருக்குத் தெரிவது வெறும் இலைதான்.

தவளையைப் பார்க்க ஆசையென்றால் ஜூன், ஜூலையில் வால்பாறைப் பக்கம் போய் இரவு எட்டு மணிக்கு மேல் தங்குமிடத்து முற்றத்திலேயே நில்லுங்கள், யானை நடமாட்டம் இருப்பதால் தனியே காட்டுக்குள் போக வேண்டாம். செடிகளுக்குள்ளிருந்து டிக் டிக்கென்று புதர்த்தவளைகள் கூப்பிடும். டார்ச்சை நேரே முகத்தில் அடிக்காமல் இலைக்குப் பின்னாலிருந்து அடியுங்கள். இலைமேல் ஏதாவது உட்கார்ந்திருந்தால் அதன் நிழல் இலையில் விழும். கண்ணாடித் தவளை ஒளித்துவைப்பது அந்த நிழலைத்தான்.